மீசை முளைத்த ரோபோ

அத்தியாயம் 6

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. ஒரு ரோபோவின் தோள்மூட்டு ஏன் செத்துப்போனது என்று திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் நான் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பெஞ்சமின் என்கிற முப்பத்தோரு வயது மெக்கானிக் ஜெயிலுக்குப் போவான்.

"போன மாசம் வரைக்கும் மாப்ள குடிப்பாரா, சிகரெட் புடிப்பாரான்னு விசாரிச்சிகினு நிம்மதியா இருந்தோம்," என்றார் ஏசுதாஸ், திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஆட்டோவை வளைத்தபடி. "இப்ப ரோபோவுக்கு போஸ்ட்மார்ட்டம். அடுத்து இன்னா மேடம், எங்க வூட்டு மிக்சிய யாரோ கொன்னுட்டாங்கன்னு வருவாங்களா?"

"ரோட்டைப் பாருங்கண்ணே."

ஏசுதாஸ் என் ஒரே உதவியாளர். வயது ஐம்பத்தாறு. கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் என் துப்பறியும் நிலையத்துக்கு ஒருநாள் சவாரி இறக்கிவிட வந்தவர், நான் சுவரில் ஒட்டி வைத்திருந்த வரைபடத்தில் மூன்று தப்பு கண்டுபிடித்தார். அன்றிலிருந்து கூடவே இருக்கிறார். வாய்க்கு மட்டும் தாழ்ப்பாள் கிடையாது. நான் ஹரிப்ரியா. இந்தத் தொழிலுக்கு வருமுன் ஒன்பது வருடம் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்து, கெட்டுப்போன இயந்திரங்களைப் பார்த்துக் காரணம் எழுதியவள். அதனால்தான் பெஞ்சமினின் அக்கா ரெபேக்காள், கருங்குழியிலிருந்து பஸ் ஏறி என்னைத் தேடி வந்தாள்.

அவள் கொண்டுவந்தது இரண்டு பைகள் நிறைய ஊறுகாய் பாட்டில்கள். உள்ளே ஊறுகாய் இல்லை. பழைய கிரீஸ்.

விஷயம் இதுதான். மாமல்லபுரத்துக்கு முன்னால், தேவனேரி பக்கம், ரவிச்சந்திரன் என்பவர் கல் சிற்பக்கூடம் வைத்திருக்கிறார். அங்கே இரண்டு ரோபோக்கள் கருங்கல்லைச் செதுக்குகின்றன. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் ஒற்றைக் கை இயந்திரங்கள். அவை முரட்டு வேலையை முடித்துக் கொடுத்தால், கண்ணையும் உதட்டையும் சிற்பிகள் உளியால் திறப்பார்கள். இரண்டாம் நம்பர் ரோபோவை இயக்கியவர் துரை. பத்து நாள் முன்பு அவர் சிவப்பு பட்டனை அழுத்தி மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உளி மாற்றுவதற்காகக் கைக்கு அடியில் குனிந்தார். மின்சாரம் நின்றதும் தோள்மூட்டில் இருக்கும் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கவில்லை. முந்நூறு கிலோ கை அப்படியே இறங்கியது. துரை செய்ததில் ஒரு தப்புகூட இல்லை, ஆனாலும் அவர் எழுந்திருக்கவில்லை.

பிரேக் யார் பொறுப்பு? பெஞ்சமின் பொறுப்பு. 'பராமரிப்பில் அலட்சியம்' என்று ரவிச்சந்திரன் அறிக்கை எழுதி வைத்துவிட்டார். திங்கட்கிழமை அது அதிகாரிகள் கைக்குப் போகிறது.

"அலட்சியம் பண்றவனா இவன்?" என்று ரெபேக்காள் என் மேஜையில் பாட்டில்களை அடுக்கினாள். "ஒவ்வொரு தபா கிரீஸ் மாத்துறப்பவும் பழசுல கொஞ்சம் புடிச்சி தேதி எழுதி வெச்சிகிறான் மேடம். வூட்ல ஊறுகாய் போட பாட்டில் இல்ல. எல்லாத்தையும் எடுத்துகினு பூட்டான்."

ஒன்றாம் நம்பர் ரோபோவின் பாட்டில்கள் எல்லாம் தேன் நிறம். இரண்டாம் நம்பருடையது பிப்ரவரி வரை தேன் நிறம், அதற்குப் பிறகு மோர் நிறம். கிரீஸில் தண்ணீர் கலந்தால்தான் அப்படி வெளுக்கும். பெஞ்சமின் அதைப் பார்த்துவிட்டு, மூட்டில் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலை இரண்டு முறை மாற்றியிருக்கிறான், முதலாளியிடமும் சொல்லியிருக்கிறான். கடலோரம் என்றால் அப்படித்தான் என்று முதலாளி சொல்ல, இவனும் சரி என்றிருக்கிறான். ஆக, அவன் வேலை செய்தான் என்பதற்குப் பாட்டில் சாட்சி. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சாட்சி இல்லை.

சிற்பக்கூடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. ஆட்டோவை நிறுத்தியதும் ஏசுதாஸ் நேராக அங்கே போனார். நாஸ்தா இல்லாமல் அவருக்கு மூளை ஓடாது. கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். மீசை இரண்டு பக்கமும் கன்னம் வரை முறுக்கி ஏறியிருந்தது. புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு.

"அண்ணாத்த, மீசைக்கு தனியா வாடகை வாங்குறாங்களா?" என்றார் ஏசுதாஸ்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. டீயை நீட்டினார்.

"எதிர்ல நடந்தது பத்தி ஏதாவது தெரியுமா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. டீ மட்டும்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டு அவர் பாலை ஆற்றப் போய்விட்டார். ஆற்றும்போது கண் மட்டும் எதிர்வாசலிலேயே இருந்தது.

ரவிச்சந்திரனின் ஆபீஸ் அறையில் ஏசி, பெரிய மேஜை, சுழல் நாற்காலி. நாற்காலிக்கு அது வாங்கிய அன்று சுற்றியிருந்த பாலிதீன் இன்னும் அப்படியே இருந்தது. அவர் அசையும் போதெல்லாம் கரகரத்தது. ஏசி ரிமோட்டுக்கும் பாலிதீன். அதில் ரப்பர் பேண்ட் வேறு.

"உக்காருங்க மேடம். நான் என்ன மிருகமா? துரை எனக்குப் பதினெட்டு வருஷப் பழக்கம்," என்றார். கண் சிவந்திருந்தது. நடிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. "அந்த மிஷினை அவன் பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டான். எட்டு வருஷம் வரும்னு சொல்லி வித்த பிரேக். பதினாறு மாசத்துல போயிடுச்சு. கடல் காத்து சார் இது, உப்பு இரும்பைத் தின்னுடும். அதுக்குத்தானே மெக்கானிக் சம்பளம் வாங்குறான்?"

பதற்றத்தில் என்னை சார் என்றுவிட்டார். நான் கண்டுகொள்ளவில்லை.

"ரெண்டு ரோபோவும் ஒரே நாள்ல வாங்கினதா?"

"ஒரே லாரியில வந்துச்சு."

"வேலை?"

"ஒரே கல்லு, ஒரே ஷிப்டு. காலையில எட்டுலேர்ந்து சாயந்திரம் ஆறு."

"மெக்கானிக், கிரீஸ், தண்ணி?"

"எல்லாம் ஒண்ணுதான்."

"அப்ப ஒண்ணாம் நம்பர் ஏன் நல்லா இருக்கு?"

நாற்காலி கரகரத்தது.

"ரோபோவோட வந்த கையேடு இருக்கா?"

அவர் பீரோவைத் திறந்து பத்திரமாக எடுத்துக் கொடுத்தார். தடித்த புத்தகம். அதன் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பதினாறு மாதமாக யாரும் பிரிக்கவில்லை.

"புத்தகம் பட்டுப்புடவ மாதிரி கீது மேடம்," என்று ஏசுதாஸ் என் காதில் சொன்னார். "கல்யாணத்துக்குத்தான் எடுப்பாரு போல."

கூடத்துக்குள் போனோம். இயந்திரம் எத்தனை வருடம் உழைக்கும் என்பது விற்றவன் எழுதிக்கொடுத்த கணக்கில் முடிந்துவிடுவதில்லை. எவ்வளவு எடை தூக்கியது, எவ்வளவு சூட்டில் நின்றது, என்ன தூசியை மூச்சு வாங்கியது, எத்தனை மணி நேரம் நனைந்தே கிடந்தது என்பதையெல்லாம் கூட்டிக் கழித்தால்தான் வயது வரும். ஒன்பது வருட சர்வேயில் நான் கற்றது இவ்வளவுதான். அந்தக் கணக்குப்படி பார்த்தால் சாக வேண்டியது ஒன்றாம் நம்பர்.

ஏனென்றால் அது நிற்பது கடலைப் பார்த்த பக்கம். போன புயலில் அங்கே தகரச் சுவர் பிய்த்துக்கொண்டு போய்விட்டது, திரும்பக் கட்டவில்லை. உப்புக் காற்று நேராக அதன் மூஞ்சியில் அடிக்கிறது. வெளியே திட்டுத்திட்டாகத் துரு. ஆனால் மூட்டுகள் நன்றாக இருந்தன. இரண்டாம் நம்பரோ மூன்று பக்கமும் சுவர் உள்ள மூலையில், காற்றுகூடத் தொடாத இடத்தில் நின்றது. வெளியே பளபளப்பு. அதிகாரிகள் கழற்றிப் போட்டிருந்த தோள்மூட்டின் உள்ளே, பிரேக் தட்டு துருவேறி, கிரீஸ் மோரில் ஊறிக் கிடந்தது.

"ரெட்டப் புள்ளைங்க," என்றார் ஏசுதாஸ். "தெருவுல புரண்டது நல்லா கீது. தொட்டில்ல வெச்சி வளத்தது பூட்ச்சி. இன்னா மேடம் நியாயம் இது?"

அவர் கிண்டலுக்குச் சொன்னார். எனக்கு அது கிண்டலாகப் படவில்லை. சாய்ந்து கிடந்த கையைச் சுற்றி வந்தேன். அடிப்பீடத்தில், முழங்கால் உயரத்தில், பெயின்ட் ஒரு வளையமாகத் தேய்ந்திருந்தது. ஒரே இடத்தில் தினமும் கயிறு கட்டி அவிழ்த்தால் அப்படித் தேயும். ஒன்றாம் நம்பரில் அந்த வளையம் இல்லை.

இரண்டாம் நம்பரின் தோளில் கல்தூசி படிந்திருந்தது. கைக்குட்டையால் துடைத்தேன். வெள்ளை பெயின்டில் ஏதோ கறை. மீண்டும் துடைத்தேன். கறை போகவில்லை, தெளிவானது.

"மேடம்..." ஏசுதாஸ் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ரோபோவுக்கு மீசை முளைச்சிகீது."

உண்மையாகவே மீசை. மங்கிப்போன பழுப்பில், கன்னம் வரை ஏறிய முறுக்கு மீசை. அதற்கு மேல் ஒரு மூக்கு, ஒரு கண், புருவத்தில் தழும்பு. கீழே மாலையின் ஒரு துண்டு.

"நம்ம டீக்கடை மீசை!" என்றவர், உடனே தலையை ஆட்டினார். "இல்ல மேடம். அவருக்குத் தழும்பு இந்தப் பக்கம். இதுக்கு அந்தப் பக்கம் கீது. ஆள் வேற."

"ரப்பர் ஸ்டாம்ப்ல எழுத்து எப்படி இருக்கும்ணே?"

"தலகீழா... இல்ல, எடவலமா திரும்பி..." நிறுத்தினார். "அடப்பாவி."

போனில் படம் எடுத்து, இடவலமாகத் திருப்பினேன். டீக்கடைக்காரர் மாலையோடு எங்களைப் பார்த்தார். யாரும் அவரை அங்கே வரையவில்லை. அவர் படம் அச்சடித்த ஏதோ ஒன்று, அந்தத் தோளில் நாள் கணக்காக ஒட்டிக் கிடந்து, சூட்டிலும் ஈரத்திலும் மையை இறக்கியிருக்கிறது.

எதிர்க் கடைக்குப் போய்ப் போனை நீட்டினேன். டீக்கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். அதுவரை விறைப்பாக இருந்தவரின் முகம் உடைந்துவிட்டது.

"இது எங்க அக்கா பொண்ணு மஞ்சத்தண்ணி பிளக்ஸு," என்றார். "தாய்மாமன்னு என் மூஞ்சிய பெருசா போட்டானுங்க. என் பேரு பாலா. துரை எனக்கு மாமா. எங்க ராஜம் அக்கா வூட்டுக்காரரு."

"ஒண்ணும் தெரியாதுன்னீங்களே?"

"போலீசு, ஆபீசருன்னு பத்து நாளா வந்துகினு இருக்காங்க. பேசி இன்னா ஆவப்போது? மாமா வந்துடுவாரா?"

"பிளக்ஸ் எப்படி ரோபோ மேல போச்சு?"

"மாமா கேட்டாரு. கடல் காத்துல மிஷினு கெட்டுடும்னு ஒரே கவலை அவருக்கு. விழா முடிஞ்சதும் பிளக்ஸ அக்கா கவரா தைச்சி குடுத்துச்சி. தெனம் ஆறு மணிக்கு மிஷினக் கழுவி, கவர் போட்டு, கயித்தால கட்டிட்டுத்தான் வூட்டுக்குப் போவாரு. முதலாளிகூட பாத்துட்டு, இப்டி ஒரு ஆளு கெடைக்குமான்னு போட்டோ எடுத்தாரு."

"விழா எப்போ?"

"தை மாசக் கடைசி."

ஏசுதாஸ் என்னைப் பார்த்தார். பிப்ரவரி. ஊறுகாய் பாட்டில் மோராக மாறிய மாதம்.

"அந்த கவர் இப்ப எங்க?"

பாலா தரையைப் பார்த்தார். "அன்னிக்கு கையில கெடைச்சது அதுதான். மாமாவ அதுலதான் சுத்தி எடுத்துகினு போனோம். அக்கா வூட்ல கீது."

பூஞ்சேரி போகும் வழியில், ஆட்டோவில் உட்கார்ந்து கையேட்டின் உறையைக் கிழித்தேன். ஆங்கிலத்தில் இருநூறு பக்கம். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், ஒரு கட்டத்துக்குள், மூன்று வரி இருந்தது. இயந்திரம் சூடாகவோ ஈரமாகவோ இருக்கும்போது காற்றுப் புகாத உறையால் மூடாதீர்கள். உள்ளே வேர்க்கும். பிரேக் கெடும்.

"இன்னா போட்டுகீது?"

சொன்னேன். ஏசுதாஸ் வேகத்தைக் குறைத்தார்.

"சூட்டோட இட்லிய டப்பால போட்டு மூடுனா, மூடி உள்பக்கம் தண்ணி சொட்டும் இல்ல, அதானே?"

"அதேதான். கழுவின ஈரம், அதுல கடலோர உப்பு வேற. ராத்திரி பூரா உள்ளயே நிக்கும். ஒண்ணாம் நம்பருக்கு யாரும் கவர் போடல. காத்துல அது உலர்ந்துடுச்சு."

"அப்ப பெஞ்சமின் தப்பிச்சான்."

"தப்பிச்சான்."

"அப்புறம் ஏன் மேடம் உங்க மூஞ்சி இப்டி கீது?"

அவருக்கும் பதில் தெரியும். பெஞ்சமின் தப்பிக்க வேண்டுமானால் அந்தக் கவர் எனக்கு வேண்டும். அதை வாங்க நான் போய்க்கொண்டிருப்பது, அதைத் தைத்தவளின் வீட்டுக்கு. இத்தனை பேர் விசாரித்தும் கவரைப் பற்றி ஒருவர்கூட ஏன் சொல்லவில்லை என்பது இப்போதுதான் எனக்குப் புரிந்தது. நல்லது என்று நினைத்துச் செய்ததை யாருமே சாட்சியாகச் சொல்வதில்லை.

சின்ன காங்கிரீட் வீடு. வாசலில் துரையின் பைக், கவர் போட்டு நின்றது. உள்ளே டிவிக்குத் துணி உறை, மிக்சிக்கு உறை, தையல் மிஷினுக்குப் பூப்போட்ட உறை. ராஜம் எங்களை யாரென்று கேட்டாள். பெஞ்சமினுக்காக வந்திருக்கிறோம் என்றேன்.

"நல்ல புள்ள," என்றாள். "அவன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. போலீசுகிட்டயும் சொன்னேன். என் பேச்ச யாரு எடுத்துக்குறா? உக்காரும்மா."

உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாண விசாரிப்புகளில் எத்தனையோ பேரிடம் சாமர்த்தியமாகப் பொய் சொல்லி உண்மையை வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு பொய்கூட வாயில் வரவில்லை.

"துரை அந்த ரோபோவுக்கு ஒரு கவர் வெச்சிருந்தாராம்..."

அவள் முகம் மலர்ந்தது. பத்து நாளில் முதல் முறையாக ஒருவர் அவள் புருஷனின் சாவை விட்டுவிட்டு வேலையைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டாள் போல. எழுந்து போய் பீரோவிலிருந்து எடுத்துவந்தாள். துவைத்து, மடித்து, இஸ்திரி போட்டது போல வைத்திருந்தாள்.

"நான்தான் தைச்சேன். வெள்ளப் பக்கம் வெளிய, படம் உள்பக்கம். பொண்ணு மூஞ்சிய அத்தன ஆம்பளைங்க பாக்க வேணாமேன்னு. எட்டு தையல் ஓட்டிகிறேன் பாரு. ஒரு பொட்டு காத்து பூராது."

ஏசுதாஸ் சட்டென்று வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இருங்க, இன்னொண்ணும் கீது," என்று அவள் உள்ளே போய், இன்னொரு மடிப்பைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "அந்த ஒண்ணாம் நம்பரு பாவம், மழையில நனையுதுன்னு சொல்லிகினே இருப்பாரு. அதுக்கும் தைக்கச் சொன்னாரு. பாதியில நின்னு போச்சு. நேத்துதான் முடிச்சேன். ரவி அண்ணன்கிட்ட குடுத்துடும்மா. மழை மாசம் வந்துட்டுது."

இப்போது பேசாமல் இருக்க முடியாது. வாங்கிக்கொண்டு போய் எங்காவது எறிந்துவிடலாம். இவள் இன்னொன்று தைப்பாள். அதன் அடியில் இன்னொரு ஆள் குனிவான்.

நான் பழைய கவரைப் பிரித்தேன். உள்பக்கம், பாலாவின் முகம் இருந்த இடம் வெளுத்திருந்தது. அதைச் சுற்றி, பெரிய தட்டு அளவுக்கு, பழுப்பில் ஒரு வட்டம்.

"அது எவ்ளோ தேச்சும் போகல," என்றாள் ராஜம். "மொதல்ல அவரு ரத்தம்னு நெனைச்சேன். ரத்தம் இல்ல, துரு. வெளிப்பக்கம் ஒரு பொட்டு இல்ல பாரு. உள்ள எப்டிம்மா துரு வரும்? மழத்தண்ணி ஒரு சொட்டு..."

அவள் நிறுத்தினாள். கை, அந்த வட்டத்தின் மேல் நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஏசுதாஸின் முதுகைப் பார்த்தாள்.

"உள்ளயே வேர்த்துச்சா?"

"ஆமாம்மா."

"அதான் புடிக்கலியா?"

தலையை மட்டும் அசைத்தேன். அந்தக் கையேட்டை எடுத்து, உங்கள் தப்பு இல்லை, இதை யாரும் பிரிக்கவில்லை, யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்று படபடவென்று என்னென்னவோ சொன்னேன். அத்தனையும் உண்மை. ஒன்றுகூட அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அவள் அந்தப் பழைய கவரை மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். குரல் தணிந்திருந்தது.

"அந்தப் புள்ளைய விட்டுடச் சொல்லு. தைச்சது நானுன்னு எழுதிக்கோ."

"அப்படி எழுத மாட்டேன்மா."

"வேற எப்டி எழுதுவ?"

ஆபீஸ் பீரோவில் உறை பிரிக்காமல் கிடந்த கையேடு, நாற்பத்து மூன்றாம் பக்கம், யாருக்கும் தமிழில் சொல்லப்படாத மூன்று வரி என்று எழுதுவேன் என்றேன். திங்கட்கிழமை அப்படித்தான் எழுதியும் கொடுத்தேன். பெஞ்சமின் வெளியே இருக்கிறான். ரவிச்சந்திரன் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் அன்றைக்கு அவள் கேட்டது அறிக்கையைப் பற்றி அல்ல, தன் கை தைத்ததைப் பற்றி.

பழைய கவரைச் சாட்சிக்காகப் பையில் வைத்துக்கொண்டேன். புதியதை அவளிடமே விட்டுவிடலாமா என்று தயங்கினேன்.

"இதையும் எடுத்துகினு போயிடும்மா," என்றாள். "வூட்ல வெச்சிக்க முடியாது."

நாங்கள் படி இறங்கும்போது அவள் வாசலுக்கு வந்து, பைக்கின் மேல் இருந்த கவரை இழுத்து எடுத்து உள்ளே போட்டாள்.

ஆட்டோவைத் தெருமுனையில் விட்டிருந்தோம். பாதி தூரம் போகும்போதே மழை பிடித்துக்கொண்டது, கடலோர மழை, முன்னறிவிப்பு இல்லாமல். ஏசுதாஸ் கக்கத்தில் பன்னிரண்டு அடி கவர் இருந்தது, எட்டுத் தையல் ஓட்டிய, ஒரு பொட்டுக் காற்றுப் புகாத புதுக் கவர். அவர் அதைப் பிரிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் தொப்பலாக நனைந்துகொண்டே ஆட்டோ வரை நடந்தோம்.